மூன்று படி உயரத்து நேரம்

"தேதி சொல்லுங்க சார்."

கேட்டே விட்டாள். இந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வாரமே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று. லேசர் எரிந்துபோனால் புது லேசர் கேட்கலாம். காய்ச்சல் என்றால் விடுப்பு கேட்கலாம். ஆய்வேட்டை எந்த நாளில் கொடுக்கலாம் என்று மட்டும் நெறியாளரிடம் கேட்கக் கூடாது. அவராக ஒருநாள் வாய் திறந்து சொல்வார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அண்மையில் அதை மறுபடியும் நினைவூட்டியவர் சீனியர். அவருக்கு இது ஒன்பதாவது வருடம். எல்லோரும் அவரைக் 'கல்வெட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். "நான் அஞ்சாவது வருஷம் கேட்டேன்மா. 'ஓ, கேட்டுட்டியா'ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாலு வருஷம் போயிடுச்சு" என்று ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் போலச் சொல்லிவிட்டு மறுபடியும் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆய்வேடுகளைப் பெற்றுக்கொள்கிற செக்‌ஷன் அக்கா வேறு மாதிரி சொன்னார். "கேட்டா அவருக்கு மறந்துடும். கேக்காம இருந்தீன்னா என்னைக்காவது ஞாபகம் வரும்."

அவளுடைய அம்மாவுக்கு ஆய்வேடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் மேலே இருப்பவர்களைப் பற்றித் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடமாக விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். "பெரியவங்ககிட்ட நாள் கேக்காதடி. குடுக்கறப்ப வாங்கிக்க" என்றாள்.

மூன்று பேர் சொல்லும் கேட்காமல்தான் இன்று காலை பதினோரு மணிக்கு, பேராசிரியர் அறைக்குள் நுழைந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் யாரையும் திட்ட மாட்டார். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது மனதைத் தீர்த்திருக்கலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை.

"உட்காரும்மா."

"நிக்கிறேன் சார். முழு ஆய்வேட்டையும் குடுத்து அஞ்சு மாசம் ஆச்சு. அஞ்சாவது அத்தியாயத்த மாத்திக் குடுத்து பத்து நாள் ஆச்சு. எனக்கு வேலை கிடைச்சிருக்கற கடிதத்தையும் காட்டினேன். மாசக் கடைசிக்குள்ள ஆய்வேடு குடுத்ததுக்கு அத்தாட்சி காட்டினாத்தான் சேத்துப்பாங்க. இன்னும் பதினோரு நாள் இருக்கு."

"பதினோரு நாள்." அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்ப்பவர் போல அவர் புன்னகைத்தார். "நீ காலத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ. நீயே இப்படிப் பேசலாமா? காலம் ஓடறதில்லம்மா. எல்லாக் கணமும் அததோட இடத்துல அப்படியே இருக்கு. நீ ஆய்வேடு குடுக்கற நாளும் எங்கேயோ இருக்கத்தான் இருக்கு."

"இருக்குன்னா காட்டுங்க சார்."

ஒரு நொடி அவர் புன்னகை நின்றது. அதற்குள் மேசைமேல் இருந்த கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம். துணைவேந்தர் கூப்பிடறார். உட்கார்ந்திரு" என்று எழுந்து போனார்.

அவள் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது?

அந்த அறையில் கடிகாரம் கிடையாது. பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் அவர் அதைப் பெருமையாகச் சொல்வார். நாட்டிலேயே மிகத் துல்லியமான இரண்டு கடிகாரங்களுக்குப் பொறுப்பானவர், தன் அறையில் ஒரு சுவர்க்கடிகாரம்கூட மாட்டவில்லை என்று ஒரு பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்தார்கள். கடிகாரம் இல்லாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட வசதி என்று அவள் நினைத்துக்கொண்டாள். சலவைக்கூடத்தில் அம்மாவின் தலைக்கு நேர் எதிரே ஒன்று மாட்டியிருக்கிறது. இருநூறு விரிப்பு முடிகிறவரை அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று அம்மா தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். "பாத்தா நின்னுடும்டி. பாக்காத வரைக்கும் பாவம், அது பாட்டுக்கு ஓடும்."

மேசைமேல் அவளுடைய ஆய்வேடு. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டு பிரதிகள். ஐந்தாம் அத்தியாயத்தில் மஞ்சள் காகிதத்துண்டு ஒன்று செருகியிருந்தது. படித்திருக்கிறார். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

தரையிலிருந்து உயரப் போகப் போகக் காலம் கொஞ்சம் வேகமாக நடக்கும். கதையில்லை, அளந்து பார்த்த உண்மை. மாடி வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரை விட மயிரிழையில் ஒரு பங்கு முன்னதாகக் கிழவராகிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தின் ஓரத்தில் பெட்டிச் செய்தியாக இதைப் படித்த அன்றைக்கு, பதினாறு வயதில், அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாருமில்லை. எல்லோருக்கும் நேரம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அப்படியில்லை, நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று யாரோ காதோடு சொன்னது போல இருந்தது. அந்த ஒரு பெட்டிச் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்தாள்.

வந்த இடத்தில் அதையே அளக்கச் சொன்னார்கள். பழைய கட்டடத்தின் நிலவறையில் ஓர் அணுக்கடிகாரம். புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இன்னொன்று. நடுவில் கண்ணாடி இழைக் கம்பி. மாடியில் இருப்பது எப்போதும் முன்னால் ஓடி, கீழே இருப்பதைப் பார்த்து, இன்னும் வரவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் மாணவர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழே இருப்பது 'மருமகள்'. மாமியார் மருமகளை ஒரு நாளைக்கு முந்துவது ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதைத்தான் அளக்க வேண்டும். அளந்தாள்.

கணக்கு உதைத்தது. கட்டட வரைபடப்படி இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவே உயரம் பதினொரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு மாமியார் எவ்வளவு முந்த வேண்டுமோ அதை விட நான்கு சதவீதம் கூடுதலாக முந்தினாள். எத்தனை முறை அளந்தாலும் அதே நான்கு சதவீதம்.

பேராசிரியர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் அவர் பெயர், அடுத்து அவள் பெயர். பெயரை அச்சில் பார்த்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அதை மறைப்பதற்கில்லை. அம்மாவிடம் காட்ட, அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த நான்கு சதவீதம் நாடு நாடாகப் போனது. 'காலத்தில் ஒரு விரிசல்' என்று தலைப்பு வைத்துப் பேராசிரியர் பேசினார். அரங்கம் நிரம்பியது. கல்வெட்டிடம், நீ செய்துகொண்டிருப்பதை ஓரமாக வை, இந்த விரிசலுக்கு ஒரு கோட்பாடு எழுது என்றார். ஏழாம் வருடத்தில் கல்வெட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

அவளுக்கோ, இன்னொரு முறை அளந்துவிடு, இன்னும் ஒரே ஒரு முறை என்று பதினான்கு மாதம். ஓர் அளவீடு என்பது தொடர்ச்சியாக எழுபது மணி நேரம். அதற்குள் எங்காவது லேசர் தடம் மாறிவிட்டால் போச்சு, முதலிலிருந்து. அந்த எழுபது மணி நேரமும் நகரவே நகராது. திரையில் வரும் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால் அந்தப் பதினான்கு மாதமும் ஒரே நாளாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஒரே அறை, ஒரே இரைச்சல், கருவிகளை வைத்துத் தள்ளுகிற அதே தள்ளுவண்டி. வாழ்கிறபோது முடியாதது, நினைக்கிறபோது காணாமல் போகிறது. இருபத்தாறு வயதும் இருபத்தேழு வயதும் எங்கே என்று கேட்டால், எடுத்துக் காட்ட அவளிடம் ஒரு வரைபடம்தான் இருக்கிறது.

அவர் சொல்வது தப்பில்லை. எரிச்சலே அதுதான். சமன்பாட்டில் 'இப்போது' என்பதற்கு இடமில்லை. எல்லாக் கணமும் சமம். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் கணக்குச் சரியாக வரும். அவளே அதை முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறாள். ஆனால் காத்திருத்தல் என்பதற்கு எந்தச் சமன்பாட்டிலும் ஒரு குறியீட்டைக் கூட அவள் பார்த்ததில்லை. கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கும் வெளியே நிற்கிறவனுக்கும் ஒரே கடிகாரம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. அதை அளக்க அணுக்கடிகாரம் தேவையில்லை. ஒரு பெஞ்சு போதும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தன் அண்ணனைக் கூப்பிட்டாள்.

லேசரை மாற்றிப் பார்த்தாயிற்று, கம்பியை மாற்றிப் பார்த்தாயிற்று, காந்தப்புலம், வெப்பம், ஒன்று விடவில்லை. மிச்சம் இருந்தது அந்தப் பதினொரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் மட்டும். அதை அளக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டபோதும் பேராசிரியர் சிரித்தார். "வரைபடத்துல மில்லிமீட்டர் வரைக்கும் போட்டிருக்கும்மா." அளவையாளரை வரவழைக்க வேண்டுமானால் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். அண்ணனை வரவழைக்கக் கையெழுத்து வேண்டாம். அவன் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். மட்டம் பார்க்கும் டியூபும் டேப்பும் அவனிடம் எப்போதும் இருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறை என்றால் அந்த டியூபின் மறுமுனையைப் பிடிப்பது அவள் வேலையாகத்தான் இருந்தது.

"விஞ்ஞானி கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்று தோளில் டியூப் சுருளோடு வந்தான். நிலவறையில் பளபளவென்ற எஃகுக் கலத்தையும் நூற்றுக்கணக்கான கண்ணாடிகளையும் பார்த்துவிட்டு, "இதுல மணி எங்க தெரியும்?" என்றான்.

"தெரியாது."

"அப்புறம் என்ன கடிகாரம்?"

"தொடாத. கைய எடு."

"சரி தாயே."

நிலவறையிலிருந்து பழைய கட்டடத்தின் தரைத்தளம் வரை மாடிப்படி இடைவெளியில் டேப்பைத் தொங்கவிட்டு அளந்தார்கள். அது வரைபடத்தோடு ஒத்துப்போனது. புதுக் கட்டடத்தின் தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி. அதுவும் ஒத்துப்போனது. இரண்டையும் கூட்டினால் பதினொன்று நாற்பது. அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"முடிஞ்சுதா?" என்றான் அண்ணன்.

"முடிஞ்சுது. உன்ன வீணா அலைய வெச்சுட்டேன்."

"எங்க முடிஞ்சுது? அந்தக் கட்டடத்துத் தரையும் இந்தக் கட்டடத்துத் தரையும் ஒரே மட்டம்னு யாரு பாத்தா?"

"ரெண்டுலயும் தரைமட்டம் பூஜ்யம்னுதான் போட்டிருக்கு."

"அவனவன் கட்டடத்துக்கு அவனவன் பூஜ்யம் போட்டிருப்பான். பிடி."

டியூபில் தண்ணீர் நிரப்பினார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் சரி. அவள் பழைய கட்டடத்துச் சுவரோரம் நின்று, தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் தண்ணீரை நிறுத்தினாள். இணைப்பு நடைபாதை வழியாக டியூபை இழுத்துக்கொண்டு போன அண்ணன் அந்தக் கோடியிலிருந்து கத்தினான்.

"எனக்கு அம்பத்துநாலுதான் வருது!"

"காத்து புகுந்திருக்கும். தட்டிப் பாரு."

"தட்டியாச்சு."

"டேப்ப ஒழுங்காப் பிடி."

"அடியே, நான் பதினஞ்சு வருஷமா பிடிக்கறேன். நீ ஒழுங்காப் பிடி."

தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் பார்த்துப் பிடித்தார்கள். ஐம்பத்து நான்கு. நாற்பத்தாறு சென்டிமீட்டர் வித்தியாசம். பதினொன்று நாற்பதில் நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்றால் நான்கு சதவீதம்.

அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில், நடைபாதையின் பாதியில், மூன்று படிகள் இருந்தன.

ஆறு வருடமாக ஒரு நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்கிய படிகள். பேராசிரியரும் ஏறுகிறார். கல்வெட்டு ஏறுகிறார். வெளிநாட்டிலிருந்து விரிசலைப் பார்க்க வந்த நிபுணர்களும் ஏறினார்கள். அதில் ஒருவர் தடுக்கிக்கூட விழப்பார்த்தார். கருவி வண்டியைத் தள்ளுவதற்காக அந்தப் படிமேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தவளே அவள்தான். பின்னால் கட்டிய கட்டடத்தை நாற்பத்தாறு சென்டிமீட்டர் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பதினெட்டு இலக்கத் துல்லியத்துக்குக் காலத்தை அளந்தவர்கள், கால் வைத்து ஏறிய படியைக் கணக்கில் சேர்க்கவில்லை. காகிதத்தில் பூஜ்யம் என்று இருந்ததால் காலுக்குத் தெரிந்தது மூளைக்குத் தெரியவில்லை. கடிகாரம் மட்டும் ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

நடுப் படியில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

"இதுக்கா ஆறு வருஷம் படிச்ச?" என்றான் அண்ணன். கேலியாகத்தான் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. டியூபைச் சுருட்டிக்கொண்டே, "சரி விடு. தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. ஒடச்சுட்டுத் திரும்பப் பதிக்க வேண்டியதுதான். நாங்க பண்றதில்லையா?" என்றான்.

அதைத்தான் ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதினாள். விரிசல் இல்லை, மூன்று படிகள். உயரத்தைத் திருத்தினால் கடிகாரங்கள் சொல்வது கோட்பாட்டோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. முன்னர் வெளியிட்ட கட்டுரை தவறு. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. கொடுத்த அன்று பேராசிரியர் முதல் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, "நான் படிச்சு முடிக்கற வரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம்மா" என்றார். பத்து நாளாக அவள் யாரிடமும் பேசவில்லை. கல்வெட்டு எதிர் மேசையில் உட்கார்ந்து அந்த நான்கு சதவீதத்துக்குக் கோட்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்றுக்கூட, "சமன்பாட்டுல ஒரு உறுப்பு மட்டும் ஒத்துவர மாட்டேங்குதும்மா, இன்னும் ஒரு வருஷத்துல பிடிச்சிடுவேன்" என்றார். அவள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் என்று போனவர் திரும்பி வரும்போது பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறைக்காமல், அவர் பார்க்கும்படியாகவே பார்த்தாள்.

அவர் உட்கார்ந்தார். மஞ்சள் துண்டை விரலால் நீவினார்.

"அளந்தது யாரு?"

"நானும் என் அண்ணனும்."

"அவர் அளவையாளரா?"

"டைல்ஸ் போடறவர். சந்தேகம்னா நீங்களே அளந்து பாருங்க சார். மூணு படிதான். ஸ்கேல் போதும்."

"பாத்துட்டேன்" என்றார் அவர்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அறுபத்து நான்கு வயது மனிதர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து நடைபாதையில் குனிந்திருக்கிறார். அந்தக் காட்சியை மனதிலிருந்து விரட்ட அவளுக்கு ஒரு முயற்சி தேவைப்பட்டது.

"அப்போ சரின்னு தெரியும்."

"சரிதான். நல்ல வேலைம்மா. சுத்தமான வேலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்கு நாலு மாசத்துல ஓய்வு. உனக்குத் தெரியும். விடைபெறும் உரைக்கு எட்டு நாட்டுலேர்ந்து வராங்க. தலைப்பு அச்சாயிடுச்சு."

"காலத்தில் ஒரு விரிசல்."

"ஆமா. இந்த அத்தியாயத்த மட்டும் எடுத்துடு. மத்த நாலு அத்தியாயமே பட்டத்துக்குத் தாராளம். வெள்ளிக்கிழமை நீ ஆய்வேட்டைக் குடுக்கலாம். இதோ, தேதி. அந்த வேலையும் உனக்குத்தான். நான் ஓய்வு பெற்ற மறுநாள் இதத் தனிக் கட்டுரையா நீயே போடு. என் பேர் கூட வேண்டாம். நான் ஒரு வார்த்த மறுப்பு சொல்ல மாட்டேன். நாலே நாலு மாசம்."

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. சொன்னபடி செய்வார். அதனால்தான் அந்தச் சொற்கள் அவளுக்குள் போய் இறங்கின. வெள்ளிக்கிழமை. ஆறு வருடமும் இரண்டு மாதமும் காத்திருந்த சொல். அதை இவ்வளவு லேசாக, பேனா மூடியைத் திறக்கிற மாதிரி எடுத்துக் கொடுக்க முடியும் என்றால், இத்தனை நாள் அது எங்கே இருந்தது? அவருடைய மேல்சட்டைப் பையிலா?

"நாலு மாசம்னா என்ன சார்?" என்றாள்.

"புரியலம்மா."

"காலம் ஓடறதில்ல, எல்லாக் கணமும் அப்படியே இருக்குன்னு சொன்னீங்க. ஓடலைன்னா அந்த நாலு மாசம் உங்களுக்கு எதுக்கு?"

மேடையில் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அழகாக ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். இப்போது கை மஞ்சள் துண்டிலேயே இருந்தது. நாளைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கிற ஒரு மனிதர். ஆஸ்பத்திரி வராந்தாவில், வாடகை வீட்டு வாசலில், பள்ளிக்கூட அலுவலகத்தில் அவள் எத்தனையோ பேர் முகத்தில் பார்த்த அதே முகம். அம்மாவின் முகத்திலும் பார்த்திருக்கிறாள். இவருக்கும் அப்படி ஒரு முகம் இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவமாக இருக்கிறது என்பதற்காகப் படி மறைந்துவிடாது.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். கல்வெட்டைத்தான்.

"இன்னும் இல்ல."

"சொல்லாத. ஒடஞ்சு போயிடுவான்."

"நாலு மாசம் கழிச்சுச் சொன்னா ஒடைய மாட்டாரா சார்? இன்னும் நாலு மாசம் கூடுதலா எழுதி வெச்சிருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நீ கோபத்துல இருக்க."

"ஆமா சார். ஆறு வருஷமா இருக்கேன். நீங்க இன்னைக்குத்தான் பாக்கறீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "அவசரப்படாதம்மா. போய் நல்லா யோசி. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவர் வாயிலிருந்து இந்தச் சொற்கள் வருவது இதுவே முதல் முறை.

யோசிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதை அவள் அப்போது கவனித்தாள். எப்போது முடிவெடுத்தாள் என்று கேட்டால் அவளால் நேரத்தைக் குறித்துக் காட்ட முடியாது. இந்த அறைக்குள் வரும்போது தேதிதான் வேண்டும் என்று வந்தாள், சத்தியமாக. ஆனால் முந்தாநாள் செக்‌ஷன் அக்காவிடம் போய், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று, ஒரு விதியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ஆறு வருடம் முடிந்தவர்கள் நெறியாளர் கையெழுத்து இல்லாமலே ஆய்வேட்டைக் கொடுக்கலாம். ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும். "இருக்கு. புத்தகத்துல இருக்கு. இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல" என்றார் அக்கா. "குழு கூட ஆறு மாசமாவது ஆகும். அதுக்குள்ள உன் வேலை போயிடும் பாத்துக்கோ." அதற்கு அவள், படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கேட்டபோது அது முடிவு மாதிரி இல்லை. இப்போது பார்த்தால் அதற்கும் முன்னாலேயே, எங்கோ ஓர் இடத்தில், எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. அவள்தான் இப்போது வந்து சேர்கிறாள்.

ஆறு மாதம். மறுபடியும் பெஞ்சு, மறுபடியும் யாரோ ஒருவர் வாய் திறப்பதற்காகக் காத்திருப்பது. வேலை போய்விடும். அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் மனம் ஆடவில்லை.

"யோசிச்சாச்சு சார்" என்றாள். "வெள்ளிக்கிழமை வேண்டாம். அத்தியாயம் இருக்கட்டும். இன்னைக்கே நான் நேரா ஆபீஸ்ல குடுத்துடறேன், உங்க கையெழுத்து இல்லாம."

"அந்த வேலை?"

"போகும்."

"கட்டுரையில உன் பேரும் இருக்கு. தப்பு உன்னோடதும்தான்னு ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நானே சிரிச்சுட்டேன்."

மேசைமேல் இருந்த இரண்டு பிரதிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். மஞ்சள் துண்டை உருவி, அவர் எழுதும் அட்டைமேல் வைத்தாள். அது அவருடையது.

"இப்ப எங்க போற?"

"முதல்ல சீனியர்கிட்ட. அப்புறம் ஆபீஸ். ஒரு மணிக்கு மூடிடுவாங்க."

இரண்டு பிரதிகளும் சேர்ந்து நல்ல கனம். மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கையால் கைப்பிடியை அழுத்தித் தோளால் கதவைத் திறந்தாள். "கதவச் சாத்திட்டுப் போம்மா" என்ற பஞ்சுக் குரல் முதுகில் வந்து பட்டது. ஆறு வருடத்துப் பழக்கத்தில் கால் ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. இரண்டு கையும் நிறைந்திருந்தன. நடந்தாள்.